வலிக்கு ரெண்டு வழி

ஜனவரி 9

கொசுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா இருப்பீங்கன்னு நம்புறேன். போன மாசம் பிடிச்ச இருமல் விட்டுதா? இங்க உன் அண்ணி நல்லா இருக்கா. நான்தான் சரியில்லை.

போன்ல "சின்ன ஆபரேஷன்"னு சொன்னேன் இல்லையா, அது சின்னது இல்லை. அண்ணி ஸ்பீக்கர் போட்டுட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. அவ முன்னாடி நான் பயப்பட முடியாது. நான் ஒரு பங்கு பயந்தா அவ ரெண்டு பங்கு பயப்படுவா. அதான் நீ வேலை செய்யற மூக்குக்கண்ணாடிக் கடை விலாசத்துக்கு எழுதுறேன். பயப்படறதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும். சின்ன வயசுல நீ பயந்து என்கிட்ட ஓடி வந்ததுக்கெல்லாம் இப்ப பதிலுக்கு நான்.

நடந்தது இதுதான். ஒரு ஆபீஸ் லிஃப்டுக்குள்ள நின்னு பேனல் திருகை முடுக்கிக்கிட்டிருந்தேன். எதிர்க் கண்ணாடியில என் கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சுது. லைட்டுதான் மங்கிப்போச்சுன்னு நினைச்சு புது ட்யூப் மாட்டினேன். அப்பவும் மஞ்சள். வெளியில வந்து வெயில்ல நின்னு பார்த்தேன். அப்பவும்தான்.

கணையத்தோட தலைப் பக்கத்துல ஒரு கட்டி. கணையத்துல பாதி, பித்தப்பை, குடலோட ஆரம்பம், வயித்துல ஒரு துண்டு எல்லாத்தையும் எடுத்துட்டு மிச்சத்தை ஒட்டுப் போட்டு இணைப்பாங்களாம். சர்ஜன் ஒரு காகிதத்துல படம் வரைஞ்சு காட்டினார். நான் அதைப் பழைய வயரிங் படம் பார்க்கிற மாதிரி பார்த்தேன். கடைசியிலதான் அது என் வயிறுன்னு உறைச்சுது.

செத்துப்போறதை நினைச்சு எனக்கு அவ்வளவு பயமில்லைடி. வலிதான். அதை மட்டும் நினைச்சா கை வேலை செய்ய மாட்டேங்குது.

இன்னொண்ணு. அப்பாவுக்கும் இதேதான்னு சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டு, "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"ன்னு கேட்டார். நீயும் ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துடணுமாம். உடனே போய்ட்டு வா.

உடம்பைப் பார்த்துக்கோ.
அண்ணன்


ஜனவரி 17

அண்ணாவுக்கு,

இங்க எல்லாரும் நலம். இருமல் விட்டுடுச்சு. உன் கடிதத்தை லென்ஸ் தேய்க்கிற மிஷினைப் போட்டுவிட்டுட்டுப் படிச்சேன். அந்தச் சத்தத்துல நான் அழுதது முதலாளிக்குக் கேட்கலை. ஒரு கஸ்டமரோட லென்ஸை மட்டும் கீறி வெச்சுட்டேன். அது உன் கணக்கு.

நீ வலின்னு எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். அண்ணா, ஆபரேஷன் பண்றவரைக் கேட்டா அவர் வெட்டறதைப் பத்தித்தான் சொல்வார். மயக்கம் குடுக்கிற டாக்டர்னு தனியா ஒருத்தர் இருப்பார், அவர்கிட்ட நேரா போய் உட்காரு. "முடிச்சதுக்கப்புறம் என் வலிக்கு என்ன பண்ணுவீங்க?"ன்னு கேளு. என்னென்ன வழி இருக்கு, எதுல என்ன தப்பாப் போகும், தப்பாப் போனா அடுத்து என்னன்னு முழுசாக் கேட்டு எனக்கு எழுது. லிஃப்ட் நின்னுபோனா நீ விடாம தோண்டுவியே, அதே மாதிரி தோண்டு.

அண்ணிகிட்ட நான் மூச்சு விட மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை உன்னை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னார்.

உன்
கொசு


ஜனவரி 29

கொசுவுக்கு,

நலமா? நான் நடமாடிக்கிட்டுத்தான் இருக்கேன். மஞ்சள் குறையறதுக்கு உள்ள ஒரு சின்னக் குழாய் வெச்சிருக்காங்க. அரிப்பு நின்னுச்சு, தூக்கம் வருது.

நீ சொன்ன மாதிரியே மயக்க டாக்டரைப் போய்ப் பார்த்தேன். ஒரு அம்மா. என்னைவிடச் சின்னவங்க, முகத்துல தூக்கக் கலக்கம். ஆனா நிதானமாப் பேசினாங்க. ரெண்டு வழி இருக்காம்.

ஒண்ணு, முதுகுத்தண்டுப் பக்கத்துல மெல்லிசா ஒரு குழாய் செருகறது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். அது வழியா மருந்து சொட்டிக்கிட்டே இருக்கும், நெஞ்சுக்குக் கீழ வயிறு பூரா மரத்துப்போகும். சரியா வேலை செஞ்சா நல்லா மூச்சிழுத்து இருமலாம், சீக்கிரம் எழுந்து உட்காரலாம். ஆனா ரத்த அழுத்தம் இறங்கிடலாம், கால் துவண்டுபோகலாம், சில பேருக்கு ஒரு பக்கம் மட்டும் மரத்து இன்னொரு பக்கம் அப்படியே இருக்குமாம். ரொம்ப அபூர்வமா முதுகுக்குள்ள ரத்தம் கட்டிக்கும், சீழ் பிடிக்கும். அபூர்வம்னு சொல்லும்போது அவங்க என் முகத்தைப் பார்க்கலை.

இன்னொண்ணு, கையில ஒரு பட்டன். வலிச்சா நானே அழுத்தணும், நரம்பு வழியா மார்ஃபின் மாதிரி ஒரு மருந்து போகும். அதுல குமட்டல் வரும், மந்தமாகும், குடல் வேலை செய்யச் சோம்பேறித்தனப்படும். ஒரு தடவை அழுத்தினா அடுத்த கொஞ்ச நேரத்துக்கு எத்தனை தடவை அழுத்தினாலும் மருந்து வராது, பூட்டிக்கும். நான் சிரிச்சுட்டேன். லிஃப்ட் வர்ற வரைக்கும் ஜனங்க ஒரே பட்டனைப் போட்டுக் குத்துவாங்களே, என் பொழைப்பே அதுல ஓடுது. அதைச் சொன்னேன். அவங்களும் சிரிச்சாங்க.

"சரிம்மா, ரெண்டுல எது நல்லது?"ன்னு கேட்டேன்.

"தெரியாதுங்க"ன்னாங்க.

அது தெரியாததாலதான் ஆஸ்பத்திரியில ஒரு ஆய்வு நடக்குதாம். சம்மதிச்சா கம்ப்யூட்டர் குலுக்கல் மாதிரி ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும். பாதிப் பேருக்கு முதுகுக் குழாய், பாதிப் பேருக்கு பட்டன். இஷ்டமில்லைன்னா சேர வேண்டாம், சிகிச்சையில குறை வராதுன்னாங்க. என் வலியைச் சீட்டுக் குலுக்கிப் போடறதாடி? என்ன சொல்றே?

ஸ்கேன் எடுத்தியா? நீ அதைப் பத்தி எழுதவே இல்லை.

அண்ணன்


பிப்ரவரி 5

அண்ணாவுக்கு,

இங்க யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நீ நடமாடறது கேட்டு நிம்மதி.

கண்ணாடி போட வந்த ஒரு ரிட்டயர்டு நர்ஸம்மாவைப் பிடிச்சு உட்கார வெச்சுக் கேட்டேன். பாவம், அவங்க ஃப்ரேம் பார்க்க வந்தவங்க. "முதுகுக் குழாய் சரியா உட்கார்ந்துட்டா அதை மாதிரி ஒண்ணு கிடையாது, உட்காரலைன்னா அதை மாதிரி தொல்லை கிடையாது"ன்னாங்க. பட்டன் எப்பவும் ஒரே மாதிரியாம். வலி முழுசாவும் போகாது, பட்டன் முழுசாவும் கைவிடாது.

அன்னிக்குப் பூரா அதையேதான் யோசிச்சேன். ஊசி முதுகுக்குள்ள போறதை நினைச்சா எனக்கு இங்கயே முதுகு சில்லிடுது. பட்டன்னா, மயக்கத்துல விரல் அதைத் தேடிக் கண்டுபிடிக்குமான்னு பயம். எதைப் பிடிச்சாலும் பயம்தான். நீயா ஒண்ணைத் தேர்ந்தெடுத்து அது சொதப்பிட்டா, வலியோட சேர்த்து உன்னையே திட்டிக்கிட்டுப் படுத்திருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? குலுக்கலுக்கே விட்டுடு. ஆனா ஒண்ணு மட்டும் கேட்டு வாங்கிக்கோ: விழுந்த வழி வேலை செய்யலைன்னா உடனே இன்னொண்ணுக்கு மாத்தணும். அதுக்கு அவங்க சரின்னா கையெழுத்துப் போடு.

ஸ்கேனுக்கெல்லாம் இப்ப நேரமில்லை அண்ணா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் கண் பரிசோதனை, கடை முழுக்க ஆர்டர். அப்புறம் பார்க்கலாம்.

குளிர்ல வெளிய திரியாதே.
உன்
கொசு


பிப்ரவரி 13

கொசுவுக்கு,

ஆஸ்பத்திரியில இருந்து எழுதுறேன். நாளைக்குக் காலையில முதல் கேஸ் நான். நீ சௌக்கியமா இருக்கணும். எழுதும்போது அதைத்தான் முதல்ல நினைக்கிறேன்.

மாத்தித் தருவோம்னு மயக்க டாக்டர் வாக்குக் குடுத்தாங்க. கையெழுத்துப் போட்டேன். குலுக்கல்ல எனக்கு முதுகுக் குழாய் விழுந்திருக்கு.

ஒண்ணு சொல்லணும். அப்பா தூக்கத்துல போயிட்டார்னு அம்மா உனக்குச் சொன்னாங்க. நீ அப்ப ஹாஸ்டல்ல பரீட்சை எழுதிக்கிட்டிருந்தே. அவர் தூக்கத்துல போகலை. கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு முழங்காலை நெஞ்சோட மடிச்சுக்கிட்டு, மூச்சு விடறதையே கணக்குப் பார்த்து விட்டுக்கிட்டிருந்தார். அந்த வீட்டுல மாத்திரையைத் தவிர வேற எதுவும் இல்லை. என்னைப் பார்த்து, "வெளிய போடா, நீ பார்க்காதே"ன்னார். நான் போகலை. போயிருக்கலாம்.

உன்னை பயமுறுத்த எழுதலை. என் பயம் எங்கேருந்து வருதுன்னு ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கட்டும்.

அண்ணியை அடிக்கடி கூப்பிட்டுப் பேசு.

அண்ணன்


பிப்ரவரி 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

நானும் அவரும் உயிரோட இருக்கோம். நீங்க ரெண்டு பேரும் நலம்தானே?

நீயும் அவரும் கடிதம் எழுதிக்கிறது எனக்கு முதல்லேருந்தே தெரியும். அந்த மனுஷன் தபால்தலை ஒட்டாம உறையை மட்டும் போய்ப் போட்டுட்டு வர்றவர். முதல் கடிதத்தைப் பெட்டியில போடப் போனபோது நான்தான் வாங்கித் தலை ஒட்டிப் போட்டேன், கரண்ட் பில்லுன்னு நினைச்ச மாதிரி காட்டிக்கிட்டு. பிரிச்சுப் படிக்கலை. அவர் பயப்பட ஒரு இடம் தேடிக்கிட்டாரேன்னு விட்டுட்டேன். எனக்கு அப்படி இடம் இல்லை. அதான் இப்ப உனக்கு நானும் எழுதறேன்.

"ஆபரேஷன் முடிஞ்சுது, நல்லா இருக்கார்"னு போன்ல சொன்னது உண்மைதான். சொல்லாதது இது. கண் விழிச்சப்ப நல்லாத்தான் இருந்தார். என்னைப் பார்த்து, "எத்தனாவது மாடி?"ன்னு கேட்டார். மறுநாள் மத்தியானம் வலி வந்துடுச்சு. இடது பக்கம் மரம் மாதிரி கிடக்கு, கிள்ளினாலும் தெரியலை. வலது பக்கம் ஒண்ணுமே போடாத மாதிரி. கத்தலை அவர். கத்தியிருந்தா பரவாயில்லை. வாயை இறுக்கிக்கிட்டு, முழங்காலை மடிக்கப் பார்த்தார். மடிக்கக் கூடாதுன்னு நர்ஸு காலைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"மருந்து சரியாப் போகுதும்மா, மிஷின் காட்டுது பாருங்க"ன்னு அந்த நர்ஸு சொன்னாங்க.

"மிஷின் காட்டட்டும், மனுஷன் என்ன காட்டறார்னு பாருங்க"ன்னேன்.

"டாக்டர் ரவுண்ட்ஸ்ல வருவாங்க."

எனக்கு எங்கேருந்து அந்தத் தைரியம் வந்துச்சோ தெரியலை. செருப்பைக்கூடப் போடாம வராந்தா வராந்தாவா ஓடினேன். மயக்க டாக்டர் கேன்டீன் வாசல்ல டீ கிளாஸோட நின்னுக்கிட்டிருந்தாங்க. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன். டீ என் மேலயும் அவங்க மேலயும் கொட்டிடுச்சு. அவங்க ஒரு வார்த்தை கோவிச்சுக்கலை. ஒரு ஐஸ் துண்டை அவர் தோல் மேல இப்படியும் அப்படியும் வெச்சு, "சில்லுனு இருக்கா? இங்க?"ன்னு கேட்டுக்கிட்டே போனாங்க. குழாயைக் கொஞ்சம் வெளிய இழுத்து மருந்தைக் கூட்டிப் பார்த்தாங்க. ரத்த அழுத்தம் விழுந்துடுச்சு. அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சு. ஆளுங்க ஓடி வந்தாங்க, என்னைத் திரைக்கு அந்தப் பக்கம் தள்ளினாங்க. திரைக்கு இந்தப் பக்கம் நின்ன அந்த நேரத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் குழாயை எடுத்துட்டு பட்டனைக் குடுத்தாங்க. சாயந்திரம் தூங்கினார். இப்ப தேவலை. நீ பயப்படாதே. நான் பயந்து முடிச்சுட்டேன்.

அண்ணி


மார்ச் 3

அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நலமா இருக்கீங்களா? நாங்க நல்லா இருக்கோம். அண்ணி, உங்க கடிதத்தை நான் நின்னுக்கிட்டுத்தான் படிச்சேன், உட்கார முடியலை. உங்களைக் கும்பிடணும்.

அண்ணா, தெம்பு வந்ததும் எனக்கு எழுது. நிறையக் கேட்கணும். குழாய் செருகும்போது முழிச்சிருந்தியா, எப்படி உட்கார வெச்சாங்க? வலது பக்கம் வலிக்குதுன்னு நீ சொன்னதுக்கும் அவங்க நம்பினதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆச்சு? வெட்டின இடம் அதிகம் வலிச்சுதா, வயித்துல வெச்ச வடிகுழாயா? இருமல் வந்தா தலையணையை எந்தப் பக்கம் வெச்சு அமுக்கணும்? பட்டன் மருந்துல கனவு வருமாமே, எந்த மாதிரி? முதல் தடவை எழுந்து நிக்கும்போது யாராவது பிடிச்சுக்கணுமா, தனியா முடியுமா?

மெதுவா எழுது. அவசரமில்லை.

உன்
கொசு


மார்ச் 26

கொசுவுக்கு,

வீட்டுக்கு வந்துட்டேன். பாதி ஆளாத்தான் வந்திருக்கேன். பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. நீங்க நலம்தானே?

கேட்டதுக்கெல்லாம் பதில். குழாய் செருகும்போது முழிச்சுத்தான் இருந்தேன். கட்டில் ஓரத்துல உட்கார்ந்து தலையணையைக் கட்டிக்கிட்டு முதுகை வளைக்கணும். ஊசி எறும்பு கடிதான், அதுக்கப்புறம் யாரோ கட்டைவிரலால அழுத்தற மாதிரி. நீ பயப்படற அளவுக்கு இல்லை.

வலியைப் பத்தி அண்ணி எழுதியிருப்பா. வலது பக்கம் டின் மூடியைத் திறக்கிற மாதிரி இருந்துச்சு. ஆனா அதைவிட மோசம், மிஷின் சரியா ஓடுதுன்னு அவங்க சொன்னது. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நான்தான் கோழையோன்னு. மயக்க டாக்டர் ஐஸை வெச்சுப் பார்த்துட்டு, "நீங்க சொல்றது சரிதான், மருந்து அந்தப் பக்கம் போகலை"ன்னாங்க. வலி அப்பவும் அப்படியேதான் இருந்துச்சு, ஆனா எனக்கு அழுகை வந்துடுச்சு.

பட்டன் வேற மாதிரி. வலி போகாது, தள்ளிப் போய் அடுத்த ரூம்ல உட்கார்ந்துக்கும். குமட்டல் உண்டு. சுவர் பூரா எறும்பு ஊர்ந்துச்சு. இல்லைன்னு தெரிஞ்சும் காலைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு பஸ் டிரைவர், அதே ஆபரேஷன், அவருக்கும் முதுகுக் குழாய்தான் விழுந்துச்சு. மனுஷன் ரெண்டாவது நாளே உட்கார்ந்து என்கிட்ட ஜோக் சொல்றார். சிரிச்சா தையல் பிடுங்குதுன்னு நான் அவரைக் கெஞ்ச வேண்டியதாப் போச்சு. அவரையும் என்னையும் வெச்சு நீ எதையும் முடிவு பண்ண முடியாது.

வெட்டின இடம்தான் அதிகம். வடிகுழாய் புரளும்போது மட்டும். தலையணை வெட்டு மேலேயே. முதல்ல நிக்க ரெண்டு பேர் வேணும்.

ஸ்கேன்?

அண்ணன்


ஏப்ரல் 28

கொசுவுக்கு,

சௌக்கியமா? கீமோ ஆரம்பிச்சுட்டாங்க. வெட்டின ஓரத்துல கட்டி மிச்சமில்லை, ஆனா பக்கத்து நெறிக்கட்டி ரெண்டுல இருந்திருக்கு. அதுக்கு மேல அவங்க சொல்லலை, நானும் கேட்கலை.

ஒரு மாசமா நீ பதில் போடலை. போன்ல "நல்லா இருக்கேன்"னு வெச்சுடறே.

நேத்து உன் மார்ச் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படிச்சேன். குணமாகி வர்றவன்கிட்ட, "இப்ப எப்படி இருக்கு, என்ன சாப்பிடறே"ன்னுதான் கேட்பாங்க. நீ அதை ஒரு இடத்துலயும் கேட்கலை. தலையணையை எங்க வைக்கணும், நிக்கும்போது யார் பிடிக்கணும்னு கேட்டிருக்கே. அதைக் கத்திக்குப் போகப்போற ஆள்தான் கேட்பாங்க.

உனக்கு எந்தத் தேதி குறிச்சிருக்காங்க?

அண்ணன்


மே 6

அண்ணா,

ஜூன் ஒண்ணு.

உன் முதல் கடிதம் வந்த வாரமே போய் எடுத்துட்டேன். கணையத்தோட வால் பக்கம் ஒரு நீர்க்கட்டி. அப்ப, பார்த்துக்கிட்டு இருப்போம்னாங்க. பிப்ரவரி கடைசியில திரும்ப எடுத்தாங்க. வளர்ந்திருந்துச்சு, கணையத்துக்குள்ள ஓடற குழாயும் வீங்கியிருந்துச்சு. புத்துநோயா மாறிக்கிட்டிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம், விட்டு வைக்க வேண்டாம்னாங்க. வாலோட மண்ணீரலையும் எடுப்பாங்க. மாப்பிள்ளைக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது.

உன்கிட்ட எப்படிச் சொல்வேன்? நீ கத்திக்குப் போகும்போது என்னையும் தூக்கிட்டுப் போயிருப்பே. அதுக்கப்புறம் சொல்லலாம்னு நினைச்சேன், அண்ணியோட கடிதம் வந்துச்சு. அதைப் படிச்சதுக்கப்புறம் உன்கிட்ட சொல்ல மனசு வரலை. நீ முன்னாடி போறே, பின்னாடி நான் வர்றேன், நீ எங்கெல்லாம் விழறியோ அதையெல்லாம் குறிச்சுக்கிட்டே வர்றேன். என்னை நினைச்சா எனக்கே அசிங்கமா இருந்துச்சு.

இங்க குலுக்கல் கிடையாது. "உங்களுக்கு எது வேணும்?"னு என்னையே கேட்கிறாங்க. அண்ணா, எனக்கு அப்பாவோட கட்டில் சட்டம்தான் கண்ணுல நிக்குது, பார்க்காமலே. எதைச் சொல்லட்டும்?

கொசு


மே 12

கொசுவுக்கு,

உன் உடம்பு எப்படின்னு இனி நான் கேட்க மாட்டேன், எனக்குத் தெரியும். என்னை நினைக்காதே. வாந்தி மட்டும்தான்.

உன்னைத் திட்டணும்னு ரெண்டு பக்கம் எழுதினேன். கிழிச்சுட்டேன். அண்ணியைக் கூப்பிட்டு உன் கடிதத்தைக் கையில குடுத்தேன். படிச்சா. எழுந்து போய் மாடியில இருந்து பெட்டியை இறக்கினா.

முதுகுக் குழாயே வெச்சுக்கோ. நான் தோத்த வழியாச்சேன்னு ஒதுக்காதே. அந்த டிரைவர் மாதிரி உனக்கு உட்காரலாம். உட்காரலைன்னா பட்டன் இருக்கு, அதுலயும் ஆள் பிழைக்கும், நான் பிழைச்சேன். எதுவா இருந்தாலும், வலிச்சா உடனே சொல்லு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நல்ல பொண்ணுன்னு பேர் வாங்காதே.

மருந்து ஓடறதால எனக்குப் பயணம் கூடாதாம். அண்ணி வர்றா. முப்பதாம் தேதி காலை ரயில். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வரட்டும். எனக்குச் சமைக்க என் ஃப்ரெண்டு ஒருத்தன் வர்றேன்னிருக்கான். அவன் சமையலைவிட கீமோ தேவலை.

அண்ணன்


ஜூன் 14

அண்ணாவுக்கு,

எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ. நீ எப்படி இருக்கே? இப்ப என்ன சாப்பிடறே? கேட்டுட்டேன் பாரு.

குழாய் எனக்கு உட்கார்ந்துடுச்சு. ரெண்டு பக்கமும். மறுநாளே உட்கார்ந்தேன், இருமினேன். வெட்டுக்குள்ள ஏதோ நடக்குதுன்னு தெரியுது, ஆனா அது வேற யாருக்கோ நடக்கிற மாதிரி இருந்துச்சு. ரத்த அழுத்தம் ஒரு தடவை இறங்கிச்சு, காதுல வண்டு பறந்துச்சு. அண்ணி எழுந்து நின்னாங்க. அவங்க எழுந்து நின்னதுமே ரெண்டு நர்ஸு ஓடி வந்தாங்க. இந்த வார்டுல அவங்களுக்கு அப்படி ஒரு மரியாதை.

குழாயை எடுத்த அன்னிக்குத்தான் வலின்னா என்னன்னு தெரிஞ்சுது. மாத்திரை அப்ப இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கலை. முழங்காலை மடிக்கப் பார்த்தேன். அப்பாவும் நீயும் ஞாபகத்துக்கு வந்தீங்க. அண்ணியைப் பார்த்து "வலிக்குது"ன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன் அண்ணா. அதுக்கே ஆள் வந்துட்டாங்க.

இன்னிக்குக் காலையில ரிப்போர்ட் வந்துச்சு. புத்துநோயா மாறலை. மாறறதுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்துச்சாம். இன்னும் ஒரு வருஷம் தெரியாமலே விட்டிருந்தா பேச்சே வேறன்னு டாக்டர் சொன்னார். மாப்பிள்ளை அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கிக்கிட்டே இருந்தார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கிட்டு ஜன்னல் பக்கம் போயிட்டாங்க. அவங்க உன்னை நினைச்சாங்கன்னு எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைச்சேன்.

உன் கண்ணு மஞ்சளாகலைன்னா யாரும் என்னை ஸ்கேனுக்கு அனுப்பியிருக்க மாட்டாங்க. இதுக்கு உனக்கு எப்படி நன்றி எழுதறது? நாலு தடவை எழுதி அடிச்சேன். எழுத எழுத பயமா இருக்கு. என்னவோ நீ குடுத்து நான் வாங்கிக்கிட்ட மாதிரி ஆயிடுது. அதனால எழுதலை.

அண்ணியை இந்த வாரமே அனுப்பி வைக்கிறேன். அவங்க இனி உனக்கு வேணும். தையல் ஆறினதும் நானும் வர்றேன். உன் அடுத்த ஸ்கேன் ரிசல்ட் வாங்கப் போகும்போது அண்ணியும் நானும் ரெண்டு பேரும் கூட வருவோம்னு டாக்டர்கிட்ட சொல்லி வை.

உன்
கொசு